ஏறியது இறங்குமா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. ஒரே பாடத்தைப் பத்துத் தடவை படிக்கிறாள், மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. பரீட்சையில் எல்லாம் மறந்துபோகிறது. நினைவாற்றலை வளர்க்க நல்ல பயிற்சி எது? பழைய விஷயங்களையெல்லாம் ஞாபகம் வைத்து எழுதுகிறீர்களே, உங்கள் ரகசியம் என்ன? (ஒரு தாய்)

பதில்: அம்மா, ‘ஏறவே மாட்டேன் என்கிறது’ என்ற இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். தமிழில் தலைக்கு ஏறுகிறவை என்னென்ன என்று எழுதிப் பார்த்தேன். போதை ஏறும். பித்தம் ஏறும். பாம்பு கடித்தால் விஷம் ஏறும். பதவி வந்தால் கர்வம் ஏறும். ஒன்றுகூட உருப்படியான சரக்கு இல்லை. இவையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாமாகவே ஏறிவிடுகின்றன; இறக்குவதற்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. பாடம் மட்டும் எவ்வளவு தள்ளினாலும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாப் பெற்றோரும் புகார் சொல்கிறீர்கள்.

எனக்கு அதில் சந்தேகம். உங்கள் மகளுக்குப் பாடம் இரண்டு மூன்று தடவையிலேயே ஏறியிருக்கும். இறங்கத்தான், அதாவது கேட்கும்போது ஞாபகத்திலிருந்து வெளியே வரத்தான், அதற்குப் பழக்கமில்லை. இறங்க விட்டால்தானே! அது முதல் படியில் கால் வைப்பதற்குள் இவள் மறுபடி புத்தகத்தைத் திறந்து இன்னொரு மூட்டையை ஏற்றுகிறாள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சின்னச் சின்னக் கட்டுரைகள் கொடுத்தார்கள். ஒன்று சூரியனைப் பற்றியது, மற்றொன்று கடல் நீர்நாயைப் பற்றியது. கடல் நீர்நாய் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றின்மேல் ஒரு கல்லை வைத்து, சிப்பியை அதில் மோதி உடைத்துத் தின்கிற பிராணி. தூங்கும்போது அலை இழுத்துப் போய்விடாமல் கடற்பாசியை எடுத்து உடம்பில் சுற்றிக்கொள்ளும். எழுத்தாளர்களுக்கு இந்த முன்யோசனை இருந்தால் பாதித் தொடர்கதைகள் ஆரம்பித்த கரையிலேயே இருந்திருக்கும். சரி, அது வேறு கதை.

ஒரு கூட்டம் நாலு சுற்றும் கட்டுரையைப் படித்துக்கொண்டே இருந்தது. சராசரியாகப் பதினாலு தடவை. உங்கள் மகளைவிட நாலு தடவை அதிகம். இன்னொரு கூட்டம் முதல் சுற்றில் மட்டும் படித்தது, மூன்று தடவைக்குக் கொஞ்சம் கூட. மற்ற மூன்று சுற்றிலும் அவர்களிடம் கட்டுரை கிடையாது. வெற்றுத் தாள்தான். ஞாபகம் வருகிறதை எழுது என்றார்கள். எழுதினது சரியா தப்பா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் நூற்றுக்கு 83 பங்கைச் சொன்னார்கள். தாளோடு மல்லுக்கட்டியவர்கள் 71 பங்கு. ஒரு வாரம் கழித்து, முதல் கூட்டம் 40, இரண்டாவது கூட்டம் 61.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இன்னொன்று. ‘ஒரு வாரம் கழித்து உனக்கு எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் பதினாலு தடவை படித்தவர்கள்தான். பழகின முகத்தைப் பார்த்தவுடன் ‘இவரை எனக்கு நன்றாகத் தெரியுமே’ என்று தோன்றும். பேரைக் கேட்டால் விழிப்போம். பாடமும் அப்படித்தான். பத்தாவது தடவை படிக்கும்போது வருகிற வழவழப்பை நாம் அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம்.

இந்த நோயை நான் தினமும் தபாலில் பார்க்கிறேன். ‘ஆசிரியர் அவர்களுக்கு, கட்டுரையைப் பத்து முறை படித்துவிட்டேன், ஒரு பிழையும் இல்லை, அப்படியே அச்சிடவும்’ என்று குறிப்பு இருந்தால், முதல் பத்தியிலேயே நாலு ஒற்றுப்பிழை நிச்சயம். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாது, மிகக்கூடாத இடத்தில் ஜோடியாக வந்து நிற்கும். எழுதினவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவர் தாளில் இருப்பதைப் படிப்பதில்லை, மனசில் இருப்பதைப் படிக்கிறார். திருத்தி அனுப்பினால் ‘என் நடையைச் சிதைத்துவிட்டீர்கள்’ என்று சண்டை. ஒருவர் ஏழு வருடமாகப் பேசுவதில்லை. ‘வாழ்த்துகள்’ ‘வாழ்த்துக்கள்’ தகராறு. அவர் இதைப் படித்தால் அவருக்கு என் வாழ்த்துகள்.

மஞ்சள் ஹைலைட்டரைப் பற்றிப் பேசாமல் போக முடியுமா? முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் அதைத் திட்டியதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்தது. ஜான் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் கீழ்வரிசை. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்வரிசை. பக்கம் முழுக்க மஞ்சள் பூசுகிறவர்கள் செய்வது படிப்பு இல்லை, வெள்ளையடிப்பு. கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.

அப்புறம் அந்த ‘வளர்க்க’. நினைவாற்றல் என்ன தொட்டிச் செடியா? பயிற்சி கொடுத்தால் பொதுவாகவே ஞாபகம் பெருகுமா என்று வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதித்தார். 1890-ல் எழுதியிருக்கிறார். ஒரு பிரெஞ்சுக் கவிதையில் 158 வரி மனப்பாடம் செய்ய அவருக்கு ஏறக்குறைய 132 நிமிடம் பிடித்தது. பிறகு 38 நாள் தினமும் உட்கார்ந்து ஓர் ஆங்கிலக் காவியத்தின் முதல் பாகத்தை முழுசாக உருப்போட்டார். பயிற்சி முடிந்து, பழைய பிரெஞ்சுக் கவிதையில் அடுத்த 158 வரி. பிடித்த நேரம் 151½ நிமிடம்! மற்ற வேலைகளில் களைத்திருந்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார் மனிதர். நானாக இருந்தால் அந்தக் குறிப்பேட்டையே கிழித்துப் போட்டிருப்பேன்.

1980-ல் வெளியான இன்னொரு சோதனையில், ஒரு கல்லூரி மாணவர் ஏழு இலக்கத்தில் ஆரம்பித்து, 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கங்களைக் கேட்டமாத்திரத்தில் ஒப்பித்தார். அவர் ஓட்டக்காரர். 3492 என்றால் அவருக்கு அது ஒரு மைலை 3 நிமிடம் 49.2 விநாடியில் ஓடிய நேரம். சரி, இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறோடு நின்றார். ஆற்றல் எங்கேயும் வளரவில்லை. எண்கள் அவருக்குத் தெரிந்தவர்களாகிவிட்டன, அவ்வளவுதான். சதுரங்கம் ஆடும் பத்து வயதுப் பிள்ளைகள், பலகையில் காய்கள் நின்ற இடத்தை ஞாபகம் வைப்பதில் பெரியவர்களைத் தோற்கடித்த கதையும் உண்டு. இலக்கங்களைச் சொல்லச் சொன்னால் அதே பிள்ளைகள் பின்தங்கினார்கள். ஆகவே நினைவாற்றல் வகுப்புக்குக் காசு கட்டாதீர்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் வழக்கம்போல என்னைத் திட்டி எழுதலாம், போடுகிறேன்.

குழந்தை ‘மனசு வைக்கவில்லை’ என்று வைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1966-ல் ஜான் ஃபிளேவல் என்ற உளவியலாளரின் குழுவினர் பிள்ளைகளுக்கு விண்வெளி வீரர் மாதிரி ஒரு தொப்பியை மாட்டிவிட்டார்கள். அதன் மறைப்பை இறக்கினால் கண்ணை மறைக்கும், வாயை மறைக்காது. படங்களைக் காட்டி, ஞாபகம் வைத்துக்கொள் என்று சொல்லி மறைப்பை இறக்கிவிட்டு, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்த ஒருவரை எதிரே உட்கார வைத்தார்கள். தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டவர்கள், ஐந்து வயதில் இருபது பேருக்கு இரண்டு பேர். பத்து வயதில் பதினேழு பேர். ஞாபகம் வைக்கிற வித்தையையே பிள்ளைகள் மெல்ல மெல்லத்தான் கண்டுபிடிக்கிறார்கள். தொப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதாதீர்கள்.

உங்கள் மகள் விஷயத்தில், இரண்டு தடவை படித்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு, ‘என்ன இருந்தது?’ என்று கேளுங்கள். ‘ஒன்றும் ஞாபகமில்லை’ என்பாள். பொறுங்கள். அரைகுறையாக ஏதோ சொல்வாள். அப்புறம் புத்தகத்தைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். அவளுக்கும் உங்களுக்கும் எரிச்சலாக இருக்கும்; பத்துத் தடவை படிப்பது இதைவிடச் சுகம்தான்.

என் ரகசியம் கேட்டிருந்தீர்கள். இந்தப் பதிலை எழுதி, நாலு தடவை படித்துப் பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று அச்சுக்கு அனுப்பினேன். மெய்ப்புப் பார்க்கிறவர் தாளோடு வந்து நிற்கிறார்: “சார், இது 38-ஆ, 83-ஆ?”