அண்ணாச்சி, அம்பு உறைய மாட்டேங்குது!

சென்ற மாதம் இந்தப் பகுதியில் மிக்சி வாங்குவது பற்றி எழுதும்போது, நான் டயாப்ளோ என்கிற கணினி விளையாட்டின் பழைய ஆட்டக்காரன் என்று வாய் தவறி ஒரு வரி சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரைக்கும் எத்தனை பேர் ராத்திரி முழித்திருந்து வில்லும் அம்புமாகப் பூதம் அடிக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. எல்லாருக்கும் ஒரே ஆசை. தூரத்தில் நின்று பனி அம்பு விட்டு, வருகிறவனை வந்த இடத்திலேயே உறைய வைக்க வேண்டும். வெயிலூர்க்காரர்களின் ஆசை, குறை சொல்ல முடியாது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பதிலில் உள்ள திட்டைச் சுருக்கவில்லை.

பாத் ஆஃப் எக்ஸைல் என்கிற கணினி ஆட்டத்தில் முதல் பாகமா, இரண்டாம் பாகமா? பனி வில்லாளி உருவாக்க எதில் காசு போடலாம்? கையில் மூவாயிரம் இருக்கிறது.
— கல்லூரி மாணவர், பேட்டை

முதலில் காசே போடாதீர்கள் தம்பி. முதல் பாகம் 2013 அக்டோபர் 23-ல் வந்த நாளிலிருந்து இலவசம். ரேஞ்சர் என்கிற வில்லாளியை எடுங்கள், பனி அம்பு வித்தை தருகிற ஐஸ் ஷாட் கல்லை வில்லில் மாட்டுங்கள், ஒரு மாதம் ஆடுங்கள். அதன் பிறகும் பிடித்திருந்தால் பொருள் வைக்கிற ஸ்டாஷ் டேப் மட்டும் வாங்கலாம். அதையும் தள்ளுபடி வரும் வரை பொறுத்து வாங்குங்கள், அடிக்கடி வரும். நான் பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை ராத்திரி முழு விலை கொடுத்து ஆறு டேப் வாங்கினேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் தள்ளுபடி. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 6-ல் முழுமையடையும் முன்பே 30 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அது 100 ஜிபி இடம் கேட்கும், அதுவும் எஸ்எஸ்டியில். உங்கள் கணினியில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று எழுதவேயில்லையே?

டயாப்ளோ 2-ல் ஒரு வாரம் பொருள் சேர்த்து, மாற்றிக்கொடுத்து, ரேவன் ஃப்ராஸ்ட் மோதிரம் வாங்கினேன். போட்ட பிறகும் எதிரிகள் உறையவில்லை. போலி மோதிரமா?
— தச்சநல்லூர்

அசல்தான். அது நீங்கள் உறையாமல் இருப்பதற்கான மோதிரம். ‘கேனாட் பி ஃப்ரோஸன்’ என்று அதிலேயே எழுதியிருக்கிறது, படித்திருக்கலாம். கழற்றாதீர்கள், நல்ல மோதிரம்.

பாத் ஆஃப் எக்ஸைல் முதல் பாகம் ஆடுகிறேன். விற்பனைப் பட்டியலிலேயே டிபிஎஸ் என்கிற சேத எண்ணை அதிகம் காட்டிய வில்லை 6 டிவைன் ஆர்ப் (ஆட்டத்துப் பணம்) கொடுத்து வாங்கினேன். படுவேகமாக அம்பு விடுகிறது. ஆனால் சின்னப் பூதங்கள்தான் உறைகின்றன, பெரியது உறைவதில்லை. நான் பார்த்த காணொளியில் பெரியதும் உறைந்தது. விற்றவன் ஏமாற்றிவிட்டானா?
— தனியார் நிறுவன ஊழியர், நெல்லை டவுன்

விற்றவன் ஏமாற்றவில்லை. எண் ஏமாற்றியது. இது எனக்குப் பழைய காயம், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

முதல் கணினி வாங்கின கையோடு ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டி மேல் பெரிய எழுத்தில் ‘1000 வாட்ஸ் பிஎம்பிஓ’. ஆயிரம் வாட்ஸ் வீடு தாங்குமா என்று அம்மா பயந்தார்கள். போட்டுப் பார்த்தால் அடுப்படியில் கேட்கவில்லை. பிஎம்பிஓ என்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் எட்டலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற எண். பாட்டு கேட்க உதவுகிற எண் ஆர்எம்எஸ். அது பெட்டிக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்தது, இரண்டு வாட்ஸோ மூன்று வாட்ஸோ. அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் திருப்பிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

உங்கள் டிபிஎஸ்ஸும் இந்த ஜாதிதான். நொடிக்கு எவ்வளவு சேதம் என்று அது சொல்கிறது. உறைய வைக்கத் தேவையான கணக்கு அது இல்லை. முதல் பாகத்தில் ஒவ்வொரு அம்பையும் தனித்தனியாக எடை போடுவார்கள். ஒரே அம்பின் குளிர்ச் சேதம் அந்தப் பூதத்தின் உயிரில் 5 சதவீதத்தைத் தொட்டால் 0.3 நொடி உறையும். 10 சதவீதம் என்றால் 0.6 நொடி. 50 சதவீதம் போனால் 3 நொடி, அதுதான் உச்சம். ஐந்துக்குக் கீழே விழுந்த அம்பு உறைவுக் கணக்கில் சேராது. பத்து லட்சம் உயிருள்ள பூதத்துக்கு ஒரே அம்பில் ஐம்பதாயிரம் குளிர்ச் சேதம் வேண்டும். நீங்கள் இருபதாயிரம் இருபதாயிரமாக நொடிக்கு எட்டு அம்பு விடுகிறீர்கள். மொத்தம் ஒரு லட்சத்து அறுபதாயிரம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உறைவது? பூஜ்யம்.

நெல்லையப்பர் தேரை ஆனி மாதம் ஊரே சேர்ந்து வடம் பிடித்து இழுக்கிறது. அதே ஆயிரம் பேர் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து இழுத்துவிட்டுப் போனால் தேர் நகருமா? வாகையடி முனை போய்ச் சேருவது எந்தக் காலம்?

இப்போது காணொளிக்கு வருவோம். இணைப்பை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். அது இரண்டாம் பாகம் தம்பி! அங்கே கணக்கே வேறு. ஒவ்வோர் அடியும் பூதத்தின் உறைவுப் பட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், நிறைந்ததும் உறையும். அங்கே வடம் பிடிக்கலாம், வேக வில்லுக்கும் வேலை உண்டு. அந்த ஊர் ஆட்டத்தைப் பார்த்து இந்த ஊரில் வில் வாங்கியிருக்கிறீர்கள்.

வில்லை விற்றுவிடுங்கள். இனி வாங்கும்போது இரண்டு எண் பாருங்கள். ஓர் அம்புக்குக் குளிர்ச் சேதம் எவ்வளவு, கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலமாக விழுகிற அடி) வாய்ப்பு எவ்வளவு. கிரிட்டிகலாக விழுகிற அடிக்கு உறைய வைக்கிற வாய்ப்பைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. அப்புறம், அம்பின் எண்ணிக்கையைக் கூட்டுகிற துணைக்கல் மாட்டியிருப்பீர்கள், எல்லாரும் மாட்டுவார்கள். அது ஒவ்வோர் அம்பின் சேதத்தையும் குறைத்துவிடும். பெரிய பூதத்திடம் போகும்போது கழற்றிவிட்டுப் போங்கள்.

ஸ்டீமில் வாங்கிய ஆட்டம் பிடிக்கவில்லை. 9 மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
— மேலப்பாளையம்

கிடைக்காது. வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். விளையாட்டில் ஏதோ ‘டிவைன்’ தருவதாக டெலிகிராமில் ஒருவன் சொல்ல, என் போனிலிருந்து யுபிஐ மூலம் 4,800 ரூபாய் அனுப்பிவிட்டான். பணம் போனதும் ஆளைக் காணோம். பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
— ஒரு தாய், அம்பாசமுத்திரம்

அம்மா, உங்களிடம் போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். முதல் வேலை 1930-க்கு அழைப்பது. இணையப் பண மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்கு நழுவும் முன் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. மகன் பூதத்தை உறைய வைக்கப் போனான், இப்போது உறைய வேண்டியது அந்தத் திருடனின் கணக்கு. யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண், அவன் அனுப்பிய செய்திகள், அவன் கணக்குப் பெயர் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். டெலிகிராமில் எதையும் அழிக்கக் கூடாது. வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ‘பணம் திருப்பித் தருகிறேன், பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது அழைத்தால் போனை வையுங்கள். பணம் வாங்க பின் தேவையில்லை, கொடுக்கத்தான் தேவை.

தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். நிஜப் பணம் கொடுத்து ஆட்டத்துப் பணம் வாங்குவது அந்த ஆட்டத்தின் விதிப்படி தப்பு, கணக்கையே மூடலாம். அவன் யோக்கியனாக டிவைன் கொடுத்திருந்தாலும் இவன் மாட்டியிருப்பான். இதைச் சோறு போட்ட பிறகு சொல்லுங்கள். பதினாறு வயதில் நான் ஏமாந்த கதைகளை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அப்பாவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், வங்கியிலிருந்து தெரிய வேண்டாம்.

பாத் ஆஃப் எக்ஸைல் முதல் பாகத்தில் ஒருத்தன் ஆறு லிங்க் (கல் மாட்டுகிற ஆறு துளையும் இணைந்தது) உள்ள வில்லைக் காட்டினான். ‘பையில் இடமில்லை, ஒரு நிமிஷம்’ என்று ட்ரேடை ரத்து செய்துவிட்டு மறுபடி திறந்தான். வாங்கிப் பார்த்தால் ஐந்து லிங்க். மூன்று வாரச் சேமிப்பு போச்சு அண்ணாச்சி.
— வள்ளியூர்

வயிறு எரிகிறது. காட்டுவது ஒன்று, கட்டிக் கொடுப்பது ஒன்று. பஸ் ஸ்டாண்ட் நடைபாதையில் கைக்கடிகாரம் வாங்கி, வீட்டில் பிரித்தபோது உள்ளே இயந்திரமே இல்லாத அனுபவம் எனக்கும் உண்டு. அந்த வில் திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள், ஆனால் புகார் கொடுத்துவிடுங்கள். பொருள் ஒவ்வொன்றின் மேலும் மவுஸை வைத்த பிறகுதான் ஏற்பதற்கான பொத்தான் வேலை செய்யும். இந்தத் தந்திரத்துக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். நாம் அதைச் சாமிக்குச் சூடம் காட்டுகிற வேகத்தில் காட்டிவிட்டுப் போகிறோம். ரத்து செய்துவிட்டு மறுபடி திறக்கிறவனிடம், முதல் தடவை போலவே இணைந்த துளைகளை எண்ணிப் பாருங்கள்.

கேமிங் மவுஸ் 2,200 ரூபாய். பதினைந்தாம் நாளிலிருந்து ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே போட்டிருக்கிறதாம், கடைக்காரர் கையை விரிக்கிறார்.
— முக்கூடல்

அவர் பில்லில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கட்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ஐப் பாருங்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறித்திருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள். மனசு மாறியதற்குத் திருப்ப முடியாது, பழுதுக்கு முடியும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மவுஸ் இரண்டு தடவை அழுத்துவதை வீடியோ எடுங்கள், கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். மசியவில்லையென்றால் 1915-ல் புகார். அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில் வாங்கி வைத்ததற்கு உங்களுக்கு ஒரு சபாஷ். இந்த மாதம் பில்லோடு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

கரண்ட் போனதும் 600 விஏ யுபிஎஸ் ‘கீ’ என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி. யுபிஎஸ் பழுதா?
— களக்காடு

விஏ வேறு, வாட்ஸ் வேறு. 600 விஏ பெட்டி பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். பின்பக்கம் எழுதியிருக்கும். மேலே பிஎம்பிஓ கதையை மறுபடி படியுங்கள்.

டயாப்ளோ 2 ரிசரெக்டட். ஃப்ரீசிங் ஏரோ என்கிற பனி அம்பு விடுகிற அமேசான் (வில்லாளி) வைத்திருக்கிறேன். நார்மல் என்கிற எளிய நிலையில் ராஜா மாதிரி இருந்தது, ஹெல் என்கிற கடின நிலைக்குப் போனதும் பாதிப் பூதங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோல்டு ரப்ச்சர் சார்ம் (தாயத்து) வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள்.
— ஆசிரியர், நாங்குநேரி

ஐயா, இதே பள்ளத்தில் 2003 வாக்கில் விழுந்தவன் நான். வண்ணார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, இருக்கிற திறன் புள்ளிகளையெல்லாம் பனி அம்பிலேயே போட்டு ஒரு அமேசானை வளர்த்தேன். ஹெல்லில் ‘இம்யூன் டு கோல்டு’ (குளிர் ஏறாது) என்று எழுதிக்கொண்டு வந்தவன் என்னைத் துரத்தித் துரத்தி அடித்தான். போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க அப்போது வழியே இல்லை. 2010-ல் ஆட்டத்துக்கு 1.13 திருத்தம் வந்த பிறகுதான் அதில் வருகிற அகாரா கிழவி அதற்கு மனசு வைத்தாள். அத்தனை இருபது ரூபாயும் போனது போனதுதான்.

சார்ம் விஷயம். 2022 செப்டம்பரில் வந்த 2.5 திருத்தத்தில் அது சேர்ந்தது. குளிர் ஏறாத பூதத்தின் கவசத்தை அது உடைக்கும், உண்மைதான். ஆனால் உடைத்து எதிர்ப்பை 95 சதவீதத்தில் கொண்டுவந்து நிறுத்தும். நூறு ரூபாய்க்கு அடித்தால் ஐந்து ரூபாய் போய்ச் சேரும். கூடவே உங்கள் குளிர் எதிர்ப்பையும் பிடுங்கிக்கொள்ளும். எதிரியின் குளிர் எதிர்ப்பை மேலும் குறைக்கிற வித்தை ஆட்டத்தின் சூனியக்காரிக்கு இருக்கிறது, அமேசானுக்கு இல்லை. ஆகவே வேண்டாம். உறைகிற பூதங்களுக்கே ஹெல்லில் உறையும் நேரம் கால்வாசிதான் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஸ்ட்ரேஃப் என்கிற வில் வித்தையில் புள்ளி போடுங்கள், வில்லின் நேரடிச் சேதத்துக்குச் செலவு செய்யுங்கள். குளிர் ஏறாதவனை அதில் அடிக்கலாம், மற்றவனை உறைய வைக்கலாம்.

பனி அம்பு விட விட லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. கூலிங் பேட் எது வாங்கலாம்?
— பாளையங்கோட்டை

மெத்தை மேல் வைத்துத்தானே ஆடுகிறீர்கள்? மேஜைக்கு மாற்றுங்கள், விசிறித் துளையில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் கொதித்தால் எழுதுங்கள்.