ஆல்பினோவும் ஆல்பினோவும் சேர்ந்தால்: கிங்ஸ்நேக் கேள்வி–பதில்

கேள்வி: என்னுடையவை கலிஃபோர்னிய கிங்ஸ்நேக் பாம்புகள். ஆல்பினோ (கருநிறமி இல்லாத) ஆணையும் லாவண்டர் ஆல்பினோ (வெளிர் ஊதாச் சாயல்) பெண்ணையும் சேர்த்தேன். குட்டிகள் அத்தனையும் சாதாரணக் கறுப்பு வெள்ளை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர்மேல் பழியில்லை. இரண்டும் வெவ்வேறு மரபணுக்கள், இரண்டுமே ஒடுங்கியவை: தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒன்றில் பழுதான இடம் மற்றதில் நன்றாக இருப்பதால் நிறம் திரும்பிவிட்டது. மரபணுவை ஒற்றையாகச் சுமந்தும் நிறத்தில் காட்டாததை ஹெட் என்போம். உங்களிடம் இருப்பவை இரண்டையும் அப்படிச் சுமக்கும் இரட்டை ஹெட் குட்டிகள். அவற்றைத் தமக்குள் சேர்த்தால் 16-க்கு ஒன்றில் இரண்டும் கூடலாம். சேர்க்கும் முன்பே கேட்டிருந்தால் மூன்று ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

கேள்வி: "66 சதவீத ஹெட்" என்று ஒரு குட்டி வாங்கினேன். அதில் மூன்றில் இரண்டு பங்கு மரபணு இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: இல்லவே இல்லை. குட்டி ஹெட்டாக இருக்கும், அல்லது இருக்காது. ஹெட் பெற்றோருக்குப் பிறந்து சாதாரண நிறத்தில் இருக்கும் மூன்று குட்டிகளில் சராசரியாக இரண்டு ஹெட். எந்த இரண்டு என்பதுதான் தெரியாது. பணம் கொடுக்கும் முன் இதைப் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: பெண்ணுக்கு ஒன்றரை வயது. நன்றாகக் கொழுத்திருக்கிறது. இணை சேர்க்கலாமா?

பதில்: கூடாது. மூன்று வயதும் 300 கிராம் எடையும் ஆகட்டும். அவசரப்பட்டால் முட்டை அடைத்துக்கொண்டு பாம்பே போய்விடும்.

கேள்வி: கிங்ஸ்நேக்கைக் கார்ன் ஸ்நேக் என்ற வேறு இனப் பாம்புடன் சேர்த்துப் புது மார்ஃப் உருவாக்கத் திட்டம். உங்கள் ஆலோசனை?

பதில்: கைவிடுங்கள். மார்ஃப் என்பது ஒரே இனத்துக்குள் வரும் நிற வகை. இது மார்ஃப் அல்ல, கலப்பினம். கலப்புக் குட்டிகள் மலடாக இருந்தாலாவது சங்கதி அங்கேயே முடிந்துவிடும். அவை இனம் பெருக்குகின்றன. திரும்பவும் கிங்ஸ்நேக்குடனே சேர்த்துக்கொண்டு போனால், இரண்டு மூன்று தலைமுறையில் பார்வைக்குச் சுத்தமான கிங்ஸ்நேக். அதற்குள் நான்கு கை மாறியிருக்கும், பெற்றோர் விவரம் எழுதிய முதல் சீட்டு தொலைந்திருக்கும். யாரோ ஓர் அப்பாவி "அபூர்வ நிறம்" என்று பெரிய விலை கொடுத்து வாங்கித் தன் நல்ல வரிசையையும் கெடுத்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் பாம்பைத் திருப்பிப் பாருங்கள். வாலடியில் கழிவுத்துளையை மூடும் செதில் கிங்ஸ்நேக்கில் ஒற்றை, கார்ன் ஸ்நேக்கில் இரண்டாகப் பிரிந்திருக்கும். முதுகுச் செதில்கள் கிங்ஸ்நேக்கில் வழவழப்பு, மற்றதில் நடுவே மெல்லிய மேடு. ஆனால் பல தலைமுறை கடந்த கலப்பில் இந்தச் சோதனையும் கைகொடுக்காது. அதனால்தான் ஒவ்வொரு ஈட்டுக்கும் (ஒருமுறை இடும் முட்டைகளுக்கு) தாய், தந்தை, தேதியை எழுதி வையுங்கள் என்று கரடியாய்க் கத்துகிறேன். இன்னொன்று: கிங்ஸ்நேக் மற்றப் பாம்புகளைத் தின்னும். உங்கள் மணமகளை மாப்பிள்ளையே விழுங்கிவிடக்கூடும்.

கேள்வி: கோடு போட்டதும் வளையம் போட்டதும் தனித்தனி இனமா?

பதில்: ஒரே இனம். அமெரிக்காவின் சான் டியேகோவைச் சேர்ந்த பாம்பு ஆய்வாளர் கிளாபர் 1930-களிலேயே ஒரே ஈட்டில் இரண்டும் பொரிவதைக் காட்டிவிட்டார்.

கேள்வி: விலை போகாத குட்டிகளை மலைப்பக்கம் விட்டுவிடலாமா? கலிஃபோர்னியாவின் பாம்புதானே?

பதில்: கூண்டு நோயும் ஊர் தெரியாத மரபணுவும் காட்டுக்குப் போகும். விடாதீர்கள். ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில் வளர்ப்பிலிருந்து வெளியேறிய இதே கலிஃபோர்னியப் பாம்புகள், அதுவும் ஆல்பினோக்கள் உட்பட, பெருகி அங்குள்ள பெரும்பல்லிகளைத் துடைத்தெடுத்துக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: பொரிந்து நான்கு நாள். எட்டுக் குட்டிகளும் ஒரே பெட்டியில். எதுவும் தின்னவில்லை.

பதில்: முதலில் எட்டுப் பெட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். எலிக்குஞ்சு, முதல் சட்டை உரித்த பிறகு. அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.