கல்லில் முளைக்கும் கிழங்கு, இஞ்சி அழுகலைத் தீர்க்குமா?

கேள்வி: கூடலூரில் குத்தகை நிலத்தில் இஞ்சி போட்டிருக்கிறேன். போன மழையில் பாதி அழுகிவிட்டது. மணிப்பால் பக்கம் வெறும் கல்லில் ஒரு காட்டு இஞ்சி முளைக்கிறது, கொட்டுகிற மழையிலும் அழுகுவதில்லை, நாலு கிழங்கு தோண்டி அனுப்பட்டுமா என்று உடுப்பி நண்பர் கேட்கிறார். அதை நம் இஞ்சியோடு கலப்பு செய்ய முடியுமா?

பதில்: அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஐயா. அடையாளத்தைப் பார்த்தால் அது அறிவியல் பெயரில் 'குர்குமா பட்டி' எனப்படும் செடியாக இருக்கலாம். 1977இல் அறிவிக்கப்பட்ட இந்தச் செடிக்கு உடுப்பித் தாவரவியலாளர் கோபாலகிருஷ்ண பட் பெயரை வைத்தார்கள். உடுப்பி, மணிப்பால் வட்டாரத்துச் செம்புராங்கல் பாறைதான் அதன் இடம். கல் வெட்டுவதும் கட்டடம் எழும்புவதும் அந்த இடத்தையே தின்றுவருகின்றன. நாமும் மண்வெட்டியோடு போக வேண்டுமா?

போனாலும் பயனில்லை. அது மஞ்சள் இனம், இஞ்சி இனமல்ல. நம் இஞ்சியோ விதையே பிடிக்காத பயிர். கலப்புக்கு வழியே இல்லை. அது அழுகாததற்கு, என் கணிப்பில், இடம்தான் காரணம்: பாறை இடுக்கில் ஒரு பிடி மண், பெய்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். மழை முடிந்ததும் இலை காய்ந்து கிழங்கு உறங்கிவிடும்.

அந்த வடிகாலைத்தான் நீங்கள் வயலில் கொண்டுவர வேண்டும். 3 அடி அகலம், 1 அடி உயரத்தில் பாத்தி எடுங்கள். பாத்திகளுக்கு இடையில் ஒன்றரை அடி விடுங்கள். வெயில் காலத்தில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் 40 நாள் மூடி வையுங்கள். நோயில்லாத வயலின் விதைக்கிழங்கை, லிட்டருக்கு 3 கிராம் மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி நடுங்கள்.

உங்கள் வயலுக்கு வந்தது எந்த நோய் என்று முதலில் பாருங்கள். தண்டை இழுத்ததும் கழுத்தோடு கையில் வந்து, கிழங்கு கொழகொழவென்று நாறினால் அழுகல் நோய்; சுற்றிலும் 1 சதவீதப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) ஊற்றலாம். தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தும்போது பால்போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு மருந்தை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்; செடியைக் கிழங்கோடு அகற்றுங்கள். அந்த நிலத்தில் அடுத்த ஆண்டும் இஞ்சி வேண்டாம். புதிதாகக் குத்தகை பேசும்போது, முன்பு அங்கே தக்காளியோ உருளையோ போட்டார்களா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்; பாக்டீரியா வாடல் அவற்றையும் தாக்கும்.