கடைசியாக வருபவருக்கும் ஒரு போத்தல்

வாசகர் கேள்வி பதில்: சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் ஒரு சிறிய மலைச் சைக்கிள் அணியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, இந்தப் பந்தய சீசனை ஒட்டி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, என் மகளுக்கு 15 வயது. ஒரு மலைச் சைக்கிள் அணியில் சேர்ந்துவிட்டு எப்போதும் “சீசன், சீசன்” என்கிறாள். மலையே இல்லாத ஊரில் இது எங்கே நடக்கிறது? படிப்பு கெடாதா?
– ஒரு தாய், ஈசூன்

மலை இருக்கிறதம்மா, புக்கிட் தீமா. உயரம் 163 மீட்டர்தான். ஆனால் காட்டுப் பாதையில் ஓட்டும் கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு உயரமான மலை வேண்டும் என்று கட்டாயமில்லை. சின்னச் சின்னதாகச் செங்குத்தான ஏற்றங்கள், வேர்கள், கல், சறுக்கும் வளைவுகள் இருந்தால் போதும். உலக அளவிலான பந்தயங்களிலேயே ஒரு சுற்று பெரும்பாலும் 4 முதல் 6 கிலோமீட்டர்தான். அதையே திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். முதல்நிலை வீரர்களுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். பிள்ளைகளுக்குச் சுற்றுகள் குறைவு.

2010இல் இளையர் ஒலிம்பிக் இங்கே நடந்தபோது மலைச் சைக்கிள் போட்டியைத் தெம்பனிஸ் சைக்கிள் பூங்காவில் நடத்தினார்கள். அந்தப் பூங்கா 2014இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே ஓட்டிப் பழகியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு. இப்போது உங்கள் மகள் பயிற்சிக்குப் போகும் இடம் புக்கிட் தீமாவைச் சுற்றியுள்ள பாதையாகவோ செஸ்நட் இயற்கைப் பூங்காவாகவோ புலாவ் உபின் தீவின் கெத்தாம் சைக்கிள் பூங்காவாகவோ இருக்கும். செஸ்நட் 81 ஹெக்டர். அங்கே நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. புதிதாக ஓட்டும் பிள்ளையை நான் முதலில் அங்கேதான் அழைத்துப் போவேன். எதிரே குழந்தையோடு யாராவது நடந்து வருவார்களோ என்ற பயம் இல்லாமல் கவனம் முழுவதையும் சக்கரத்தில் வைக்கலாம்.

உள்ளூர்ப் பந்தயங்கள் குறைவு என்பதால் எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கும் போவோம். எங்கள் அணியில் ஆண்டுத் தொடக்கத்தில் காப்பிக்கடையில் உட்கார்ந்து நாள்காட்டியை விரிப்போம். முதலில் தேர்வுத் தேதிகள், அடுத்து ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான) பயிற்சிக்கு யார் யாருக்கு அழைப்பு என்பது, அப்புறம் தீபாவளி, தைப்பூசம். மிச்சமிருக்கும் இடத்தில்தான் பந்தயங்களை எழுதுவோம். உயர்நிலைப் பள்ளி முடிவில் ஓ நிலைத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு ஆண்டின் பிற்பாதியில் பந்தயமே கிடையாது. வாரம் ஒரு தடவை வந்து சும்மா ஓட்டிவிட்டுப் போகலாம். உங்கள் மகளின் அணியிலும் இப்படி ஒரு நாள்காட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே தேர்வுத் தேதிகளை எழுதி அணிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கொடுக்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

எனக்கு 42 வயது. அணியில் நான்தான் கடைசி. போன பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு முன்பே என்னை நிறுத்தி வெளியே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பாரமாக இருப்பதைவிட விலகிவிடலாமா?
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் அந்த நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதை உங்களுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு விதி, அவ்வளவுதான். 80 சதவீத விதி என்போம். முதலில் போகிறவர் முதல் சுற்றை 20 நிமிடத்தில் முடித்தார் என்றால், அதில் 80 சதவீதம் 16 நிமிடம். அவருக்கு அதைவிடப் பின்தங்கியவரை அந்தச் சுற்றின் முடிவில் நிறுத்திவிடுவார்கள். பாதை ஒரு ஆள் போகும் அகலம்தான். முன்னால் போகிறவர் ஒரு சுற்று கூடுதலாக ஓட்டி வந்து உங்களைப் பிடித்தால் இருவருக்குமே ஆபத்து. அதற்காக வந்த ஏற்பாடு இது. நிறுத்தப்பட்டவரின் பெயர் முடிவுப் பட்டியலிலும் இருக்கும், இத்தனை சுற்று குறைவு என்று பக்கத்தில் குறிப்போடு. பந்தயத்தைக் கைவிட்டவரின் கணக்கு வேறு. உலகப் போட்டிகளில்கூடப் பலர் இப்படி நிறுத்தப்படுகிறார்கள். உள்ளூரில் ஏற்பாட்டாளருக்கு ஏற்றபடி விதி மாறும், அதனால் பந்தயத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

சரி, பாரம் என்ற பேச்சுக்கு வருவோம். சாலைப் பந்தயத்தில் அணி என்றால் ஒருவர் காற்றைத் தடுத்து முன்னால் போக, மற்றவர் அவர் நிழலில் சக்தியைச் சேமிப்பார். அங்கே மெதுவான ஆள் குழுவைத் தவறவிட்டால் திட்டமே மாறும். காட்டுப் பாதையில் அப்படி இல்லை. வேகம் குறைவு, வளைவுகள் அதிகம், ஒருவர் பின்னால் ஒளிந்து கிடைக்கும் லாபம் சொற்பம். அவரவர் பந்தயத்தை அவரவர்தான் ஓட்ட வேண்டும். நீங்கள் மெதுவாகப் போவதால் உங்கள் அணித்தோழர் ஒரு விநாடிகூட இழப்பதில்லை. அப்படியானால் பாரம் எங்கிருந்து வந்தது?

அணி எதற்கு என்று கேட்டால், பந்தயம் நடக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வெளியே இருக்கும் அத்தனைக்கும்தான். விடிவதற்குள் வேனில் சைக்கிள்களை ஏற்ற ஆள் வேண்டும். முந்தைய நாள் பாதையைச் சுற்றிப் பார்த்து, “மூன்றாவது இறக்கத்தில் இடது பக்கம் போ, வலது பக்கம் வேர் ஈரமாக இருக்கிறது” என்று சொல்ல ஆள் வேண்டும். இதை வேகமானவரைவிட நிதானமானவர்தான் நன்றாகச் சொல்வார். எங்கள் அணியில் பாதை பார்க்கும் வேலையை நான் எப்போதும் மெதுவாக ஓட்டுபவரிடம்தான் கொடுப்பேன், ஏனென்றால் அவர் ஒவ்வொரு வேரையும் கண்ணால் பார்த்திருப்பார். மேலும் வயதுப் பிரிவுகள் வெவ்வேறு நேரத்தில் கிளம்புகின்றன. காலையில் மூத்தோர் பிரிவில் ஓட்டி முடித்த நீங்கள், மதியம் இளையவர்கள் ஓட்டும்போது அவர்களுக்குத் தண்ணீர் போத்தல் கொடுக்கும் இடத்தில் நிற்கலாம். சற்று முன்தான் அதே வெயிலில் அதே ஏற்றத்தில் நீங்களும் ஏறியிருப்பதால், அந்தப் பிள்ளைகள் உங்கள் சொல்லுக்குக் கொடுக்கும் மதிப்பே தனி.

விலகுவதானால் ஓட்டுவதில் சந்தோஷம் இல்லை என்பதற்காக விலகுங்கள். நேரம் இல்லை, முட்டி வலிக்கிறது, அதெல்லாம் சரியான காரணம். மெதுவாக இருக்கிறேன் என்பதை ஒரு காரணமாக நான் ஏற்க மாட்டேன். உங்கள் அணியில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால், அணியை மாற்றுங்கள், சைக்கிளை விடாதீர்கள்.

நானும் நண்பனும் ஒரே அணி, ஒரே பிரிவு. ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால் போகிறேன், அவன் பின்னால் கத்துகிறான். நான் வழி விட வேண்டுமா?
– ஒரு வாசகர், செங்காங்

இருவரும் ஒரே சுற்றில் இடத்துக்குப் போட்டியிடுகிறீர்கள் என்றால் விட வேண்டிய கட்டாயமில்லை. முந்த இடம் தேடுவது அவர் வேலை. ஆனால் வேண்டுமென்றே குறுக்கே போய் அடைக்கக் கூடாது. ஒரு முழுச் சுற்று முன்னே இருப்பவர் வந்து குரல் கொடுத்தால், அவர் எந்த அணியாக இருந்தாலும், பாதுகாப்பான முதல் இடத்திலேயே ஒதுங்கிவிடுங்கள்.

பந்தயத்துக்கு இளநீர் போதுமா? கடையில் விற்கும் பானங்கள் வேண்டாம் என்கிறார் என் மாமியார்.
– ஒரு வாசகி, தோ பாயோ

இளநீர் நல்லதுதான், மாமியாரிடம் சொல்லுங்கள். பொட்டாசியம் நிறைய இருக்கிறது. ஆனால் வியர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியம், அது இளநீரில் குறைவு. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போவது சாதாரணம். ஈரக்காற்றில் வியர்வை காய்வதில்லை, அதனால் உடம்பு குளிர்வதும் இல்லை. இளநீரில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்தால் வேலை செய்யும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது ஆபத்து, இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

போத்தல் கொடுக்க நிற்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். குறித்த பகுதியில் மட்டும்தான் கொடுக்கலாம். ஓட்டுபவர் வேகம் குறையும் ஏற்றப் பக்கமாக நில்லுங்கள். போத்தலின் மேல்பகுதியை விரல் நுனியால் பிடித்து, போத்தலின் நடுப்பகுதி அவர் கைக்கு எட்டும்படி நீட்டுங்கள். இறுக்கிப் பிடித்தால் அவர் தடுமாறுவார். பழைய நைலான் காலுறையில் ஐஸ்கட்டி நிரப்பி முடிச்சுப் போட்டு வையுங்கள். அதைச் சட்டைக்குள் பின்கழுத்தில் வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்குத் தெம்பு வரும். எங்கள் அணியில் கடைசி ஆள் கடந்து போகும்வரை ஐஸ் பெட்டியை யாரும் மூடக் கூடாது. முன்னால் போகிறவரைவிட வெயிலில் அதிக நேரம் நிற்பவர் அவர்தானே.

உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டும் காற்று இறங்குகிறது. ஏன்?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

உள்ளே ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலண்ட் திரவம் காய்ந்திருக்கும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் வற்றிவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், தளும்பும் சத்தம் கேட்கவில்லையென்றால் ஊற்றுங்கள். மழைக்காலப் பந்தயம் என்றால் பிரேக் பேடையும் பாருங்கள். ஈர மண்ணில் ரெசின் வகை சீக்கிரம் தேயும், உலோக வகை தாங்கும்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மழை பெய்து பாதையை மூடிவிட்டார்கள். எங்கள் அணித்தலைவர் “யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று உள்ளே அழைத்துப் போனார். நான் போகவில்லை. இப்போது என்னோடு பேச மாட்டேன் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், புக்கிட் பாஞ்சாங்

நீங்கள் செய்ததுதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நம் பாதைகள் பெரும்பாலும் களிமண். ஊறிய மண்ணில் சக்கரம் போனால் பள்ளம் விழும், அடுத்த மழையில் அந்தப் பள்ளம் வாய்க்காலாகும், தண்ணீர் அதிலேயே ஓடி மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். வேர்கள் வெளியே வரும். சகதியைத் தவிர்க்க எல்லாரும் ஓரமாக ஓட்ட, பாதை அகலமாகி அங்கிருக்கும் செடிகள் சாகும். இது ஏதோ ஒரு மைதானத்தில் நடக்கும் சேதம் அல்ல, இயற்கைக் காட்டின் விளிம்பில் நடப்பது. தேசியப் பூங்காக் கழகம் ஒரு பாதையை மூடினால் நமக்கு ஒரு பயிற்சி போகும். அதை மதிக்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பாதையே போய்விடும். தெம்பனிஸ் பூங்கா போன பிறகு நமக்கு இருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொன்று, உயிர். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் கறுக்கும். ஆண்டு நடுவில் விடியற்காலையிலேயே சுமத்ராப் புயல்காற்று வந்து அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் நாள் கணக்கில் நசநசவென்று பெய்யும். சீசன் திட்டமே இதைப் பார்த்துத்தான் போட வேண்டும். மழை வாரத்துக்கு என்று எங்களிடம் தனிப் பயிற்சி உண்டு: வீட்டில் சைக்கிளை நிறுத்தி மிதிக்கும் டிரெய்னரில் ஏற்றப் பயிற்சி, மழை விட்ட பிறகு வெளியே மெதுவாக ஓட்டி, நின்ற இடத்தில் சமநிலை பழகுவது, அடையாளங்களுக்கு நடுவே திரும்பிப் பழகுவது. பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு கடும் பயிற்சியால் புதிதாகப் பலம் எதுவும் சேராது. அந்த வாரம் ஓய்வுக்கு உரியது. உங்கள் தலைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

முதல் தடவை ஜோகூர் பந்தயத்துக்குப் போகிறோம். வேன் கிடைக்கவில்லை. எம்ஆர்டி ரயிலில் உட்லண்ட்ஸ் வரை போய் அங்கிருந்து ஓட்டலாமா?
– ஓர் இளையர், ஹவ்காங்

எம்ஆர்டியில் மடக்கும் சைக்கிளை மட்டும்தான் விடுவார்கள், மலைச் சைக்கிளுக்கு இடமில்லை. உட்லண்ட்ஸ் வரை ஓட்டிப் போய், சோதனைச்சாவடியில் மோட்டார் சைக்கிள் தடத்தில் நுழையுங்கள். இருட்டில் முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். உங்கள் அணியில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இருந்தால், மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்லுங்கள். சிங்கப்பூரர்களுக்கு அது தேவையில்லை என்பதால் மற்றவர்கள் நினைவுபடுத்த மறந்துவிடுவார்கள்.

பின்கியர் ஹேங்கர் ஒன்று உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் சைக்கிளின் சட்டகத்தைக் காப்பாற்ற, தானே வளைவதற்காகச் செய்த சின்ன உலோகத் துண்டு அது. சைக்கிளுக்குச் சைக்கிள் வடிவம் மாறலாம், அங்கே போய்க் கடையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆளுக்கு ஒன்று வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, ஒரே பையில் போட்டு வையுங்கள்.