வடசென்னைக்காரரான பிட்டி தியாகராயர், கட்சித் தலைவர் மட்டும்தானா?

மெட்ரோவில் 'தியாகராயா கல்லூரி' நிலையத்தைப் பார்த்து, யார் இவர் என்று கேட்டிருக்கிறீர்கள். 1916-இல் நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் என்றுதான் பலரும் சொல்வார்கள். அதற்கு முன்பே அவர் பெரும் தொழிலதிபர்.

நெசவாளர் சமூகத்தில் 1852-இல் பிறந்தவர். கைத்தறித் தொழிற்கூடம் நடத்தி, விசைநாடாத் தறியைப் பரப்பினார். சாதாரணத் தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். விசைநாடாத் தறியில் கயிற்றைச் சுண்டினால் போதும், நாடா தானாக ஓடும். அதே நேரத்தில் கூடுதல் துணி இறங்கும். தென்னிந்திய வர்த்தக சபையை உருவாக்கியதிலும் அவர் பங்கு பெரிது.

1920 தேர்தலில் கட்சி வென்றதும் முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சுப்பராயலு ரெட்டியாரை உட்கார வைத்தார்.

அப்புறம், எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுவது இதுதான்: அதே ஆண்டு, அவர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. செலவு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல். வந்த பிள்ளைகள் பசியோடு திரும்பவில்லை. தியாகராய நகரும் இவர் பெயரில்தான். 1925-இல் காலமானார்.