தெரியாது என்று சொன்னால் மதிப்பு போகுமா?

கேள்வி: ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை பராமரிப்பில் 6 பேர் கொண்ட குழுவுக்கு என்னைத் தலைமையாகப் போட்டிருக்கிறார்கள். நான் படித்தது எலக்ட்ரிக்கல், கியர்பாக்ஸ் பற்றி அதிகம் தெரியாது. குழுவில் 20 வருட அனுபவமுள்ள அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் ஏதாவது கேட்டு நான் தெரியாது என்றால் மதிப்பாரா?
- வாசகி, தோவாளை

பதில்: மதிப்பார் மக்களே. தெரிந்த மாதிரி தலையாட்டினால்தான் சிக்கல், பட்டுத்தான் சொல்கிறேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் இடமொன்றில் மேற்பார்வைக்குச் சேர்ந்த புதிது. மழைத்தண்ணீர் கலந்து ரப்பர் பால் நீர்த்துக் கிடந்தது. "ஆசிட்டைக் கொறச்சு ஊத்தட்டா சார்?" என்று, ஆசிட் ஊற்றிப் பாலை உறைய வைக்கும் அக்கா கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் முதலாளி பக்கத்தில் நின்றாரே, "வழக்கம்போல ஊத்துங்க" என்றுவிட்டேன். மறுநாள் தட்டில் இருந்த கட்டியை விரலால் அமுக்கினால் பள்ளம் விழவில்லை, ரோலருக்குள் கொடுத்தால் போக மறுத்தது. பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் ஆசிட், நீர்த்த பாலுக்குக் குறைவாகப் போதும். அக்காவுக்கு இது நன்றாகவே தெரியும். அவர் என்னிடம் பாடம் கேட்கவில்லை, அனுமதிதான் கேட்டார். அது எனக்கு உறைக்க ஒரு நாள் உற்பத்தி போக வேண்டியிருந்தது.

உங்கள் அண்ணாச்சியும் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார். கியர் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டு, மினுமினுக்கும் இரும்புத் துகளைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த பேரிங் தேய்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. "இது எனக்குப் புதுசு அண்ணாச்சி, எங்கிருந்து வருது? இப்படியே ஓட்டினா என்ன ஆகும்? நிறுத்தினா எத்தனை நாள் ஆகும்?" என்று கேளுங்கள். பிறகு முடிவெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசும் காலத்தில், ஒவ்வொரு யூனிட்டும் பணமாக இருக்கும்போது, மெஷினை நிறுத்துகிறோம் என்று உரிமையாளருக்கு போன் போட்டுச் சொல்வது உங்கள் வேலை, திட்டு வாங்குவதும் உங்கள் வேலை. அதை அவர் தலையில் கட்டாதீர்கள். கண்டுபிடித்தது அவர் என்பதை ரிப்போர்ட்டில் பெயரோடு எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் விடக்கூடாது: பாதுகாப்பு. இறக்கை சுழலாமல் பூட்டும் ரோட்டார் லாக் போட்டாயிற்றா, பெல்ட்டும் கொக்கியும் சரியா என்பதை மட்டும் நீங்களே முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள், அதையும் அவரிடமே கேட்டு. அப்புறம், அடுத்த முறை அவர் கோபுரத்தில் ஏறும்போது நீங்களும் கூடவே ஏறுங்கள்.