பாதையை மூடப் போகிறார்களாம்: கையெழுத்து மனுவுக்குப் பணம் தரலாமா?

கேள்வி: சால்ட் லேக் சிட்டியில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்களோடு இதே உட்டா மாநிலத்தின் மோவாப் பக்கம் ஜீப்பில் போகும் மண்பாதை ஒன்றை மூடலாமா என்று பி.எல்.எம். (மத்திய அரசின் பொது நில நிர்வாக அமைப்பு) ஆலோசிக்கிறதாம். ஆன்லைன் மனுவில் கையெழுத்துப் போட்டு 50 டாலர் அனுப்பினால் வழக்குப் போட்டுத் தடுத்துவிடலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். அனுப்பலாமா? குடியுரிமை இல்லாத நான் இதில் தலையிட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். பி.எல்.எம். பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது, உங்கள் பெயரில் நீங்களே அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கெடு தேதிக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

முதலில் விசா பயம். கருத்துக் கேட்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் கடிதம் பொது ஆவணமாகிவிடும். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கடிதத்துக்குள் எழுதாதீர்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 50 டாலர்தான். அது ஏதாவது தேர்தல் வேட்பாளரின் கணக்குக்குப் போனால், கிரீன் கார்டு இல்லாத நீங்கள் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள். பணம் கேட்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

கையெழுத்து மனுவால் ஏன் பயனில்லை? இது வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாசகத்தில் ஆயிரம் கடிதம் வந்தாலும் அதிகாரிகள் அவற்றை ஒரே கருத்தாகச் சேர்த்துத்தான் பதில் எழுதுவார்கள். ஆகவே பாதையின் எண்ணைக் குறிப்பிடுங்கள். எந்த மாதங்களில், எந்த வண்டியில், எதற்காகப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பாதை எந்த முகாமிடத்துக்கு, எந்தப் பாறை விளிம்புக்குக் கொண்டுபோகிறது, அதை மூடினால் எந்தச் சுற்றுப்பாதை அறுந்துபோகிறது என்பதைச் சொல்லுங்கள். மாற்று வழியும் சொல்லுங்கள். காட்டுச் செம்மறி குட்டி போடும் மாதங்களில் மட்டும் மூடலாம், ஓடையைக் கடக்கும் இடத்தைச் சற்றுத் தள்ளி மாற்றி அமைக்கலாம் என்பது போல. மண், விலங்கு, மற்றப் பயணிகளோடு மோதல் ஆகியவற்றைக் குறைக்கும்படி பாதை வகுக்க வேண்டும் என்பது 1972-இல் நிக்சன் போட்ட ஆணையிலிருந்தே உள்ள விதி. அதை நேராக எதிர்கொள்ளும் கடிதத்துக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பாதை எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் பொறுமை போய்விடும். பொதுமக்களின் கருத்து வேண்டும் என்று அறிவித்துவிட்டு, எண்ணை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பின்னால் ஓர் இணைப்பில் வைப்பது என்ன நியாயம்? வேலை பார்த்துப் பிள்ளை வளர்ப்பவர் எந்த இரவில் இதைப் படிப்பார்? உட்டாவில் பல வட்டாரங்களின் பாதைத் திட்டங்கள், ஒரு வழக்கில் 2017-இல் ஏற்பட்ட சமரசத்தால் மறுபடி எழுதப்பட்டவை. அப்படித்தான் 2023-இல் மோவாப் அருகே லாபிரிந்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் வட்டாரத்தில் சுமார் 317 மைல் பாதையை வண்டிகளுக்கு மூடினார்கள்.

இனி, உங்கள் குழுவில் கட்டாயம் யாராவது எடுத்துவிடப்போகும் ஒரு பெயர்: ஆர்.எஸ். 2477. இதைப் பொறுமையாகப் படியுங்கள், இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். பொது நிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலை போட வழியுரிமை தந்த 1866-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அது. 1976 அக்டோபர் 21-இல் அது ரத்தானது. ஆனால் அதற்கு முன்பே உண்டாகிவிட்ட உரிமை அழியவில்லை. உட்டா மாநிலமும் அதன் கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) 12,000-க்கும் மேற்பட்ட பாதைகளுக்கு இந்த உரிமையைக் கோரி நீதிமன்றத்தில் இருக்கின்றன. கவனியுங்கள், உரிமை கோருவது மாநிலமும் கவுண்டியும். நீங்கள் அல்ல, உங்கள் குழுவும் அல்ல. தனி ஆள் பழைய வரைபடத்தைக் காட்டி “இது என் வழி” என்று மூடிய பாதையில் வண்டியை விட்டால் அபராதம்தான். உங்கள் பாதை அந்தக் கோரிக்கைப் பட்டியலில் உண்டா என்று கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால் அதைக் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள், அவ்வளவே. இதற்கு ஆய்வுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் தராதீர்கள்.

கட்டணம் வாங்கும் செல்பேசி வரைபடங்களையும் முழுக்க நம்பாதீர்கள். செயலியில் கோடு இருப்பதாலேயே பாதை சட்டப்படி திறந்திருக்கிறது என்று ஆகாது. தேசிய வனங்களில் வனத்துறையின் இலவச வாகன வரைபடத்தில் இல்லாத பாதை மூடியதே. மூடல் பலகை வைக்காமல் இருந்தாலும் அப்படித்தான். பாதையை விட்டு இறங்கிய டயர் தடம் ஒவ்வொன்றும் மூடச் சொல்பவர் கையில் போய்ச் சேரும் புகைப்படம்.

முடிவு பாதகமாக வந்தால், பி.எல்.எம். விஷயத்தில், அதன் மேலிடமான அமெரிக்க உள்துறையின் (Interior) நில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம், பொதுவாக 30 நாளுக்குள். வனத்துறையிலோ முடிவு கையெழுத்தாகும் முன்பே ஆட்சேபிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, நீங்கள் முன்பே கருத்து எழுதினீர்களா என்பதுதான். அனுப்பிய கடிதத்தின் பிரதியையும், வந்து சேர்ந்ததற்கான மின்னஞ்சல் ஒப்புதலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.